ஜன்னல் எனும் சொல்லின் பிறப்பும் உறவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காற்றும் வெளிச்சமும் வருவதற்காகச் சுவரில் விடப்படும் திறப்பை நாம் ஜன்னல் என்கிறோம். அன்றாடம் நூறு முறை புழங்கும் சொல் என்பதால் அது எங்கிருந்து வந்தது என்று எவரும் யோசிப்பதில்லை. யோசிக்கத் தொடங்கியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன.

ஜன்னல் தமிழ்ச் சொல்தானா?

பிறப்பால் அல்ல. போர்ச்சுக்கீசிய மொழியில் ஜன்னலுக்கு 'ஜனேலா' என்று பெயர். அதுவே தமிழில் ஜன்னல் ஆயிற்று. அந்த ஜனேலாவின் தாய்ச்சொல் லத்தீனில் இருக்கிறது.

ஆனால் கேட்பவர் காதுக்கு இது அந்நியச் சொல்லாக ஒலிப்பதில்லை. மூலச் சொல்லில் அழுத்தம் நடுவில் உள்ள 'னே' மீது விழும். தமிழில் அந்த ஏகாரம் தேய்ந்தது, ஈற்றில் இருந்த ஆகாரம் உதிர்ந்தது, னகரம் இரட்டித்தது. மின்னல், பின்னல், கன்னல் என்று நம்மிடம் ஏற்கெனவே இருந்த சொற்களின் வார்ப்பில் புதிய சொல்லும் போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்திலுள்ள மலையாளத்தில் இது 'ஜனல்' என்றும் 'ஜனாலா' என்றும் வழங்குகிறது. அங்கே னகரம் இரட்டிக்கவில்லை.

லத்தீனில் மூலச்சொல் எது? அதன் பொருள் என்ன?

மூலச்சொல் 'யானுவா'. அதன் பொருள் ஜன்னல் அன்று, கதவு. இன்னும் சரியாகச் சொன்னால் வீட்டின் தெருவாசல். நகரத்துக்கு உள்ள பெருவாயிலை ரோமானியர் 'போர்த்தா' என்றனர். குடும்பம் புழங்கும் வீட்டு வாசலுக்கே யானுவா என்று பெயர். வாசல்களுக்கும் தொடக்கங்களுக்கும் உரிய ரோமானியத் தெய்வம் யானுஸ். உள்ளே ஒரு முகமும் வெளியே ஒரு முகமுமாக, இரு முகங்களோடு அத்தெய்வத்தைக் காசுகளில் பொறித்தார்கள்.

இவ்விரு சொற்களும் 'செல்லுதல்' என்னும் பொருளுடைய பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றிலிருந்து கிளைத்தவை என்பது மொழியியலாளர் பெரும்பாலோர் கொள்ளும் கருத்து. யானுஸ் என்னும் பெயரைப் 'போதல்' என்னும் வினையோடு பண்டை ரோமானிய அறிஞர் சிசெரோவே தொடர்புபடுத்தியிருக்கிறார். சமஸ்கிருதத்தில் அதே வேர் 'யா' என நிற்கிறது. அதிலிருந்து வருவது யானம். மகாயானம் என்று பௌத்தத்திலும் சந்திரயான் என்று விண்வெளித் துறையிலும் நாம் கேட்பது அந்த யானம்தான். சந்திரயானும் வீட்டு ஜன்னலும் தூரத்துப் பங்காளிகள் என்றால் வேடிக்கையாகத் தோன்றலாம். வேர் அப்படித்தான் காட்டுகிறது.

கதவைக் குறித்த சொல் எப்படி ஜன்னலைக் குறிக்கத் தொடங்கியது?

சொல்லின் வரலாற்றில் சுவையான இடம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்கலாம். பேரரசு தளர்ந்த காலத்துப் பேச்சு லத்தீனில் யானுவாவின் வேலையைப் போர்த்தா பறித்துக்கொண்டது. நகரவாயிலுக்கு உரிய சொல் வீட்டுக் கதவுக்கும் வந்துவிட்டது. இத்தாலியத்திலும் போர்ச்சுக்கீசியத்திலும் 'போர்த்தா', ஸ்பானியத்தில் 'புவேர்த்தா', பிரெஞ்சில் 'போர்த்' என்று அது இன்றைக்கும் நிற்கிறது. வேலையிழந்த யானுவா பெரும்பாலான இடங்களில் மறைந்தது. மத்தியதரைக் கடலிலுள்ள சார்டினியத் தீவில் மட்டும் வீட்டுக் கதவை இன்றும் 'யன்னா' என்கிறார்கள்.

ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் உள்ள இபேரியத் தீபகற்பத்தின் மேற்கு ஓரத்தில் அச்சொல் வேறொரு வடிவில் பிழைத்தது. லத்தீனில் 'எல்லா' என்னும் விகுதி சேர்த்தால் சிறுமைப் பொருள் வரும். யானுவாவோடு அதைச் சேர்த்தால் 'யானுவெல்லா', அதாவது சின்னக் கதவு. ஏடுகளில் காணக் கிடைக்காமல், பிற்காலச் சொற்களைக் கொண்டு மீட்டுருவாக்கிய வடிவம் என்பதால் அகராதிகள் இதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இடும். சுவரில் உயரத்தில், மரப் பலகையால் மூடித் திறக்கும்படி வைத்த சிறு கதவே ஜன்னல் என்று நினைத்துப் பார்த்தால் பொருள் மாற்றம் இயல்பாகவே தெரியும். நம் தச்சர்களும் நிலை, கீல், கொண்டி ஆகியவற்றோடு கூடிய அந்தப் பலகையை 'ஜன்னல் கதவு' என்றுதானே சொல்கிறார்கள்?

ஒலியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இரு உயிர்களுக்கு நடுவில் தனித்து வரும் லத்தீன் னகரத்தைப் போர்ச்சுக்கீசியம் விழுங்கிவிடும். நிலவைக் குறிக்கும் 'லூனா' அங்கே 'லுவா' ஆனது அப்படித்தான். அப்படியானால் ஜனேலாவில் னகரம் எப்படித் தப்பியது? 'யானுவா' என்பதிலுள்ள 'னுவ' என்னும் பகுதி முதலில் 'ன்ன' என்று இரட்டித்ததால் தப்பியது. சார்டினிய 'யன்னா' அந்த இரட்டிப்பைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. இரட்டித்த னகரத்தைப் போர்ச்சுக்கீசியம் ஒற்றையாக்கும், ஆனால் அழிக்காது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் தமிழ் அதை மறுபடி இரட்டித்தது தற்செயல்.

ஜன்னல் சமஸ்கிருத 'ஜாலம்' என்பதிலிருந்து வந்தது என்று சொல்கிறார்களே?

ஜாலம் என்றால் வலை. வலைப்பின்னல் போன்ற துளைகள் கொண்ட பழைய ஜன்னல்களுக்கு அப்பெயர் உண்டு என்பதும் உண்மை. ஆனால் ஜாலத்தில் இல்லாத னகரம் ஜன்னலுக்குள் எப்படி நுழைந்தது என்பதற்கு அந்த விளக்கத்தில் விடை இல்லை.

ஒலியைவிட உறுதியான சான்று நிலப்படம். இச்சொல் எங்கெல்லாம் வழங்குகிறது என்று குறித்துக்கொண்டு வந்தால் போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் நங்கூரமிட்ட கரைகள் தாமாகவே தெரியும். கோவாவின் கொங்கணியில் 'ஜனேல்', மலையாளத்தில் 'ஜனல்', சிங்களத்தில் 'ஜனேலய', வங்காளத்தில் 'ஜானாலா', மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் 'ஜெண்டேலா'. நாட்டின் உட்பகுதிக்குப் போனால் சொல் மாறிவிடுகிறது: இந்தியில் 'கிட்கி', தெலுங்கில் 'கிடிகீ', கன்னடத்தில் 'கிடகி'. சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல்லாக இருந்தால் இந்தியில் இல்லாமல் போய் இந்தோனேசியாவில் மட்டும் இதே னகரத்தோடு ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு யாரும் பொருத்தமான காரணம் சொன்னதாகத் தெரியவில்லை. 'சன்னமான வெளிச்சம் தருவது சன்னல்' என்னும் விளக்கமும் அவ்வப்போது காதில் விழுகிறது. கேட்க நன்றாயிருக்கிறது, அவ்வளவுதான்.

இச்சொல் தமிழுக்கு எப்போது வந்தது?

வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டை அடைந்தார். 1505-இல் போர்ச்சுக்கீசியர் இலங்கைக்கு வந்தனர். 1510-இல் கோவாவையும் 1511-இல் மலாக்காவையும் பிடித்தனர். தமிழ்க் கரையில் அவர்களுடைய உறவு நெருக்கமானது முத்துக்குளித்துறையில். 1530-களில் பரதவர் பெருந்திரளாகக் கத்தோலிக்கத்தைத் தழுவினர்; 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அக்கரைக்கு வந்தார். தூத்துக்குடி, புன்னைக்காயல், நாகப்பட்டினம், சாந்தோம் ஆகிய இடங்களில் அவர்களுடைய கோயில்களும் பண்டகசாலைகளும் வீடுகளும் எழுந்தன. யாழ்ப்பாணம் 1619 முதல் 1658 வரை அவர்களுடைய நேரடி ஆட்சியில் இருந்தது.

1658-இல் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தையும் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் கைப்பற்றிய பிறகும் போர்ச்சுக்கீசிய மொழி கரையை விட்டு உடனே போய்விடவில்லை. துறைமுகங்களில் பல நாட்டாருக்கும் பொதுவான பேச்சு மொழியாக அது நீடித்தது; 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியரான சீகன்பால்க் தொடங்கிய புராட்டஸ்டன்ட் சபையில்கூடத் தமிழோடு போர்ச்சுக்கீசியத்திலும் வழிபாடு நடந்தது. ஆகவே ஜன்னல் ஒரே நாளில் ஒரே துறைமுகத்தில் இறங்கியது என்று எண்ண வேண்டியதில்லை. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் பேச்சுவழக்கில் ஊறித் தங்கிய சொல் அது.

அதற்கு முன் தமிழர் வீடுகளில் ஜன்னல் இல்லையா? சொல்லும் இல்லையா?

இரண்டும் இருந்தன. சிலப்பதிகாரம் புகாரின் மாளிகைகளைச் சொல்லும்போது 'மான்கண் காலதர்' என்கிறது. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி காலதர். அதன் துளைகள் மானின் கண்போல் இருந்ததால் மான்கண் காலதர். அதே காப்பியத்தில் சாளரம் என்னும் சொல்லும் இருக்கிறது: கோவலனும் கண்ணகியும் இருந்த மாடத்துக்குள் தென்றல் வண்டோடு சேர்ந்து சாளரத்தின் குறுங்கண் வழியாகத்தான் நுழைகிறது. பலகணி என்பது இன்னொன்று. பல கண்களை உடையது என்பது அதன் பொருள்.

காற்றையும் கண்ணையும் கொண்டு ஜன்னலுக்குப் பெயரிடும் பழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. சமஸ்கிருதத்தில் 'வாதாயனம்' காற்றின் வழி. 'கவாட்சம்' மாட்டின் கண். பண்டைய ஸ்காண்டிநேவிய மொழியில் 'விண்ட்அவுகா' என்றால் காற்றுக் கண். அங்கிருந்து கடன் வாங்கியதே ஆங்கிலத்தின் 'விண்டோ'. அதற்கு முன் ஆங்கிலேயர் தம் பழைய மொழியில் அதைக் கண்துளை என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர். பழைய ஜெர்மானிய மொழிகளுள் ஒன்றான கோதிக்கில் 'அவுகதவுரோ', அதாவது கண்கதவு. ஸ்பானியத்தில் 'வெந்தானா', காற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. இவ்வளவு பேர் காற்றையும் கண்ணையும் பார்த்த இடத்தில் போர்ச்சுக்கீசியரும் அவர்களுடைய வடக்கு அண்டையரான கலீசியரும் சின்னக் கதவைப் பார்த்தார்கள் என்பதுதான் அவர்களுடைய சொல்லின் தனித்தன்மை.

இருந்த சொற்களை விட்டுப் புதியதை ஏன் எடுத்தோம் என்பதற்கு என் கருத்து இது: காலதரும் பலகணியும் துளைகளின் பெயர்கள், மூடித் திறக்கும் கதவுகளோடு ஆள் குனியாமல் வெளியே பார்க்கும் உயரத்தில் ஐரோப்பியர் வைத்தது வேறொரு பொருளாகத் தெரிந்திருக்க வேண்டும். புதிய பொருளைச் செய்யச் சொன்னவர் வாயிலிருந்து வந்த பெயரையே கொத்தனாரும் தச்சரும் பிடித்துக்கொண்டார்கள். சாளரம் செய்யுளிலும் நிகண்டிலும் தங்கியது. இன்று கணினித் திரையில் திறக்கும் கட்டத்துக்குத் தமிழாக்கமாக அதற்கு மறுபடி வேலை கிடைத்திருக்கிறது.

லத்தீனில் ஜன்னலுக்கென்று தனிச் சொல் கிடையாதா?

உண்டு: 'பெனெஸ்த்ரா'. பிரெஞ்சு 'பெனெத்ர்', இத்தாலிய 'பினெஸ்த்ரா', ஜெர்மன் 'பென்ஸ்டர்', சுவீடிய 'பொன்ஸ்தெர்' எல்லாம் அதன் வாரிசுகள். 1618-இல் பிராகா நகரக் கோட்டையின் ஜன்னல் வழியே அரசப் பிரதிநிதிகளைத் தூக்கி எறிந்த நிகழ்ச்சிக்கு ஐரோப்பிய மொழிகள் வைத்த பெயரும் இச்சொல்லிலிருந்து ஆக்கியதே. போர்ச்சுக்கீசியத்தில் இது 'பிரெஸ்தா' என்று சுருங்கியது. இன்று அதற்கு இடுக்கு, விரிசல் என்று பொருள்.

ஜனவரி மாதத்துக்கும் ஜன்னலுக்கும் உறவு உண்டா?

உண்டு. யானுஸின் மாதம் 'யானுவாரியுஸ்'. அதுவே ஆங்கிலம் வழியாக நமக்கு ஜனவரி ஆயிற்று. கி.மு. 153 முதல் ரோமின் உயர் ஆட்சியாளர்களான கான்சல்கள் ஜனவரி முதல் நாளில் பதவியேற்றனர். போர்ச்சுக்கீசியத்தில் அம்மாதம் 'ஜனேய்ரு'. பிரேசிலின் ரியோ டி ஜனேரோ 'ஜனவரி நதி' என்று பொருள்படும் பெயர், 1502 ஜனவரியில் அந்த விரிகுடாவை அடைந்ததன் நினைவாக இடப்பட்டது. ஆக, ஒரு குடும்பத்தின் இரு கிளைகள் தமிழுக்குள் இரு வேறு கப்பல்களில் வந்திருக்கின்றன. நாள்காட்டியில் இருப்பது ஆங்கிலக் கப்பலில் வந்தது, அது மாட்டியிருக்கும் சுவரின் ஜன்னல் போர்ச்சுக்கீசியக் கப்பலில் வந்தது.

ரோம் நகரில் யானுஸுக்கு உரிய வாயில்மாடம் ஒன்று இருந்தது. போர் நடக்கும்போது அதன் கதவுகள் திறந்திருக்கும். நாடெங்கும் அமைதி நிலவினால் மூடப்படும். தம் காலத்தில் மூன்று முறை மூடப்பட்டதாகவும், நகரம் தோன்றியது முதல் தம் பிறப்பு வரை இரண்டே முறைதான் மூடப்பட்டதாகவும் அகஸ்டஸ் பேரரசர் தம் சாதனைக் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொள்கிறார்.

அமெரிக்கப் பள்ளிகளில் கூட்டித் துடைத்துப் பராமரிக்கும் 'ஜானிட்டர்' என்பவரும் இக்குடும்பத்தவரே. ரோமானியப் பெருவீடுகளின் வாயிற்காவலரே 'யானிதோர்'. பெரும்பாலும் அடிமை, சில வீடுகளில் வாசலோடு சங்கிலியில் பிணைக்கப்பட்டவர்.

ஜன்னல், சன்னல், யன்னல்: எது சரி?

மூன்றும் வழக்கில் உள்ளவை. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் ஜகரத்தோடு எழுதுகின்றனர். கிரந்த எழுத்தைத் தவிர்ப்பவர்கள் சன்னல் என்கின்றனர். ஈழத்தில் யன்னல் பரவலானது. ஜெர்மனியை யேர்மனி என்றும் ஜப்பானை யப்பான் என்றும் எழுதும் அதே வழக்கம் அது.

இலக்கணத்தைத் துணைக்கு அழைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொல்காப்பியத்தின்படி சகரம் அகரத்தோடு சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது. யகரம் ஆகாரத்தோடு மட்டுமே முதலில் வரும். எனவே கிரந்தத்தை நீக்கிச் சன்னல் என்று எழுதினாலும் தொல்காப்பியர் கணக்கில் தேறாது, யன்னலும் தேறாது. நன்னூல் இரண்டையும் அனுமதிக்கிறது. பிழை திருத்தும்போது நான் எழுதியவரின் வழக்கை அப்படியே விட்டுவிடுவேன். ஒரே கட்டுரைக்குள் இரண்டு வடிவம் வந்தால் மட்டும் ஒன்றாக்குவேன்.

ஈழத்து வடிவத்தில் ஓர் அழகு உண்டு. லத்தீனில் யகரமாக இருந்த முதலொலி போர்ச்சுக்கீசியத்தில் ஜகரமாகி, நம் கரைக்கு ஜகரமாகவே வந்து, யாழ்ப்பாணத்தில் மறுபடி யகரமாகியிருக்கிறது. சார்டினியக் கிழவி ஒருத்தி தன் 'யன்னா'வைச் சாத்துவதற்கும் பருத்தித்துறையில் ஒருவர் 'யன்னலை'ச் சாத்துவதற்கும் ஒலியில் ஒரு லகரமே வித்தியாசம்.

பலகணிதான் பால்கனி ஆயிற்றா?

இல்லை. பால்கனி இத்தாலிய 'பல்கோனே'யிலிருந்து வருவது. உத்தரத்தைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லொன்று அதன் மூலம். லத்தீனுக்கும் அதில் பங்கில்லை, தமிழுக்கும் இல்லை. ஒலி ஒத்துப்போவதால் மாடி முகப்பைப் பலகணி என்று மொழிபெயர்க்கும் வழக்கம் வந்திருக்கிறது. பல கண் கொண்ட ஜன்னலுக்கு அது ஒரு நல்ல பெயர். கண்ணே இல்லாத திறந்த முகப்புக்கு அதை வைப்பது எனக்கு உவப்பாயில்லை.

வீட்டில் இதுபோல் வேறு என்ன லத்தீன் சொற்கள் இருக்கின்றன?

ஜன்னல் உள்ள அறையையே சுற்றிப் பார்க்கலாம். மேசை, போர்ச்சுக்கீசிய 'மேசா', லத்தீன் 'மென்சா'. அலமாரி, 'அர்மாரியு', லத்தீனில் ஆயுதங்களையும் கருவிகளையும் வைக்கும் பெட்டகமான 'அர்மாரியும்'. அதைப் பூட்டும் சாவி, 'சாவே', லத்தீன் 'கிளாவிஸ்'; லத்தீனில் 'கிள' என்று தொடங்குபவை போர்ச்சுக்கீசியத்தில் சகர ஒலி பெறுவது வழக்கம். ஈழத்தில் சாவியைத் திறப்பு என்பார்கள். அலமாரியை மட்டும் அலுமாரி என்று வைத்துக்கொண்டார்கள். எல்லாம் தச்சுப்பட்டறையும் கொல்லுப்பட்டறையும் சார்ந்த சொற்கள் என்பதைப் பார்த்தால் யார் யாரிடம் என்ன வேலை வாங்கினார்கள் என்பது ஓரளவு புரியும்.

ஈழத்து முதியவர்கள் அலுவலகத்தைக் கந்தோர் என்பதைக் கேட்டிருக்கலாம். அது டச்சுக் கடன், 'கந்தோர்' என்றே அங்கும் ஒலிக்கும். டச்சுக்காரர் அதைப் பிரெஞ்சில் எண்ணிக் கணக்குப் பார்க்கும் மேசையைக் குறித்த 'கோந்த்வார்' என்பதிலிருந்து எடுத்தனர். அதன் அடியில் இருப்பது கணக்கிடுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினை 'கொம்புத்தாரே'. கம்ப்யூட்டரும் அதே வினையிலிருந்து வந்ததுதான். ஆக, கந்தோருக்குள் கம்ப்யூட்டர் வந்தது அண்ணன் வீட்டுக்குத் தம்பி வந்ததுபோல.

தமிழில் ஜன்னலின் பொருள் இன்னும் விரிந்துகொண்டிருக்கிறதா?

ஆம். பேருந்தில் 'ஜன்னல் சீட்டு' என்றால் கண்ணாடி இருக்கிறதா, வெறும் கம்பிதானா என்று யாரும் பார்ப்பதில்லை. தையற்கடையில் 'ஜன்னல் வைத்துத் தைக்கணுமா?' என்று கேட்டால் ரவிக்கையின் முதுகில் வெட்டிவிடும் திறப்பைப் பற்றிய கேள்வி அது. வட்டமா, சதுரமா, மாங்காய் வடிவமா என்பது அடுத்த கேள்வி.